மலைமேல் புழுக்கம்

மேல்முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிற்பகலில் வெயில் நன்றாக அடித்தது. நாகராஜ் ஓடையோரம் குந்தி உட்கார்ந்து தன் பனியனைத் துவைத்தான். கை விறைக்கிற தண்ணீர். சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்றது. அவன் விடவில்லை. பாறையில் இரண்டு அடி அடித்து, பிழிந்து, உதறி, கூடாரக் கயிற்றில் காயப்போட்டான். குழுவோடு வந்த மலைக்கார வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னான். நாகராஜுக்கு இந்தி தெரியாது. சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வழிகாட்டியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான்.

அன்புக்கரசி சற்றுத் தள்ளி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பனிமலை பார்க்க வந்த இடத்தில் பனியன் துவைக்கிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று புருஷனைச் சீண்டினாள். அழுக்குப் பனியனோடு ஏறினால் மலை நம்மை மதிக்காது என்றான் அவன். அவன் தம்பி செம்பியன் கூடாரத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"சும்மா இரு அண்ணி. நாளைக்கு லுங்கியும் தோச்சிப் போடுவாரு, கொடி கட்ன மாதிரி பறக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் டீ வந்தது, குடித்தார்கள். எதிரே மலை வெயிலில் பளபளவென்று கிடந்தது. பிற்பாடு அன்புக்கரசி எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். நல்லபடியாக இருந்த கடைசிப் பொழுது அதுதான்.

மூன்று பேரும் சைதாப்பேட்டைக்காரர்கள். அண்ணனும் தம்பியும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். அன்புக்கரசிக்கு சைதாப்பேட்டை கோர்ட்டில் தட்டச்சர் வேலை. பிள்ளை இல்லாத வீடு. நாகராஜுக்கு மலை என்றால் ஒரு கிறுக்கு. வருஷா வருஷம் கோடையில் வெள்ளியங்கிரி ஏறுவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியோடு. பனிமலையையும் ஒருதரம் மிதித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தி.நகரில் இருந்த ஒரு மலையேற்றச் சங்கம் மே மாதத்தில் இமாசலத்துக்குக் குறைந்த செலவில் ஆட்களை அழைத்துப் போகிறது என்று கேள்விப்பட்டதும், பெண்டாட்டிக்கும் தம்பிக்கும் சேர்த்தே பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான்.

மறுநாள் காலையிலும் பனியன் காயவில்லை. ஓரமெல்லாம் உறைந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அவன் அதை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து இளக்கிப் போட்டுக்கொண்டான். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் வாடகைக்கு எடுத்த ஜாக்கெட். உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்றான். அதில் ஒன்றும் தப்பு இருப்பதாக மற்ற இருவருக்கும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் சைதாப்பேட்டையில் பாதிப் பேர் அப்படித்தான் வேலைக்குக் கிளம்புகிறார்கள். சின்னமலை தாண்டுவதற்குள் சட்டை காய்ந்துவிடும்.

அன்று கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது திட்டம். பாதி ஏற்றத்தில் வானம் இருண்டது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஊசி ஊசியாக முகத்தில் வந்து குத்தியது. காற்று நாகராஜின் மழைக்கோட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேகமாக நடந்தவர்கள் அதற்குள் கணவாயைத் தாண்டியிருந்தார்கள். பின்தங்கியவர்களை மட்டும் வழிகாட்டி முகாமுக்குத் திருப்பினான். இவர்கள் மூன்று பேரோடு பெங்களூர்த் தம்பதி ஒன்றும் இருந்தது. அந்தப் பெண் வழுக்கி விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொள்ள, வழிகாட்டி அவளோடு நின்றுவிட்டான். நீங்கள் முன்னால் போங்கள், வந்த தடத்திலேயே இறங்குங்கள் என்று கையால் காட்டினான்.

முகாமில் ஒரு கூடாரம்தான் நின்றது, மற்றதெல்லாம் சாய்ந்து கிடந்தது. முகாமில் இருந்த சமையல்காரரும் விஷயத்தைக் கேட்டு வழிகாட்டிக்கு உதவ மேலே ஓடினார். மூன்று பேரும் உள்ளே நுழைந்தபோது நாகராஜுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது. அன்புக்கரசியும் செம்பியனும் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். குளிர் காது வழியாகத்தான் இறங்கும் என்பது அவர்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே முதல் வேலையாகக் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு, அதன்மேல் மஃப்ளரைச் சுற்றி, காதை அடைத்தார்கள். காலுறையை மாற்றினார்கள். கை காலைத் தேய்த்தார்கள். செம்பியன் சாய்ந்து கிடந்த சமையல் கூடாரத்திலிருந்து சின்ன ஸ்டவ்வைத் தேடி எடுத்து வந்தான். வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். ஈரப் பனியன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்ததை மட்டும் இரண்டு பேரும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நாகராஜ் கண்ணைத் திறந்தான். முகம் தெளிந்த மாதிரி இருந்தது.

"புழுக்கமா கீதுடா" என்றான். ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தான்.

அவர்கள் வளர்ந்த இடத்தில் நடுக்கம் என்றால் ஜுரம். ஜுரத்தில் நடுங்குகிறவன் ஒரு கட்டத்தில் புழுங்குகிறது என்று போர்வையை உதைத்துத் தள்ளுவான். யாராவது வந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்து, விட்டுடுச்சி என்பார்கள். அதற்கப்புறம்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள். அந்த நிம்மதிதான் அன்று கூடாரத்துக்குள்ளும் வந்தது. செம்பியன் ஜாக்கெட்டைக் கழற்றினான், ஸ்வெட்டரைக் கழற்றினான். காதில் சுற்றியிருந்த மஃப்ளரை அண்ணனே பிடுங்கி எறிந்தான். இன்னும் புழுங்குகிறது என்றதும் தம்பி சாப்பாட்டுத் தட்டை எடுத்து விசிறினான். நாகராஜ் நன்றாகக் காலை நீட்டிக்கொண்டு தூங்கிப்போனான். அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் தின்றார்கள்.

வழிகாட்டி பெங்களூர்ப் பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தவன் அவளை அப்படியே இறக்கிவிட்டு நாகராஜின்மேல் பாய்ந்தான். கிடைத்த தூங்கும் பைகளையெல்லாம் போட்டு மூடினான், தானும் கட்டிக்கொண்டு படுத்தான். பிரயோசனம் இல்லை.

காரியத்துக்கு வந்தவர்களிடம் செம்பியன்தான் எல்லாவற்றையும் சொன்னான். அன்புக்கரசி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். காற்று, மழைக்கோட்டு, கூடாரம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தணித்துக்கொள்வான். "ஆனா ஒண்ணு. போகும்போது அவருக்குக் குளுரு இல்ல. புழுக்கமா கீதுடான்னாரு. நான்தான் எல்லாத்தயும் கழட்டி வுட்டு தட்டால விசிறினேன். கொயந்த மாதிரி தூங்கினாரு." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மட்டும் கொடுத்துவைத்தவன் என்பார்கள். பட்டறைக்குச் சாமான் எடுக்க வருகிறவர்களிடமும் சொன்னான். டீக்கடையில் சொன்னான். ஒவ்வொரு தடவையும் விசிறுகிற இடம் வந்ததும் அவன் வலது கை தானாக ஆடும். பட்டறையைத் திறக்கவே மாட்டேன் என்று கிடந்தவன், அதைச் சொல்லிச் சொல்லித்தான் எழுந்து நடமாடினான் என்று அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமி சொல்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அன்புக்கரசி அடையாறுக்குப் போனாள். அதே குழுவில் வந்து, கணவாயைத் தாண்டிப் போய்விட்டவர்களில் ஒருத்தி ஷண்முகப்ரியா என்கிற டாக்டர். நடக்கும்போது அன்புக்கரசியின் முழங்காலுக்குப் பட்டை கட்டிவிட்டவள். செய்தி கேட்டதிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தாள். அன்புக்கரசிக்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. ஜுரம் விட்ட மாதிரி இருந்ததே, அதற்கப்புறம் எப்படிப் போனார் என்று கேட்டாள்.

ஷண்முகப்ரியா, உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு சொன்னாள். உடம்பு ரொம்பவும் குளிர்ந்துபோனால் நடுக்கம் நின்றுவிடும். அது குணமாவது இல்லை, உடம்பு கைவிடுவது. கடைசிக் கட்டத்தில் சில பேர் புழுங்குகிறது என்று துணியை அவிழ்த்துப் போடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஈரத்துணியை மட்டும் கழற்றிவிட்டு இன்னும் இறுக்கி மூட வேண்டும். மூடியிருந்தாலும் அந்த இடத்தில் பிழைத்திருப்பாரா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

அன்புக்கரசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்த செம்பியன், வாசலில் நின்ற யாரிடமோ தட்டால் விசிறியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவ்வளவுதான். ஆடி போய், தீபாவளி போய், பொங்கல் வந்துவிட்டது. அவள் வாய் திறக்கவில்லை. அந்த மலையிலிருந்து அவன் கொண்டுவந்தது, அண்ணன் குளிராமல் போனார் என்கிற ஆறுதல் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஜவஹர் சித்திரையில் போன் செய்தார். இந்த வருஷம் மலைக்குப் போகிறவர்களுக்கு தி.நகரில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம், உங்கள் அனுபவத்தைச் சொன்னால் எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் வாருங்கள் என்று செம்பியனைக் கூப்பிட்டார். அவனுக்கு என்ன சங்கடம். புதுச்சட்டை எடுத்து வைத்துக்கொண்டான். அண்ணனைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசப் போகிறோம் என்று இரண்டு நாளாக அவனுக்கு ஒரே பரபரப்பு.

அன்புக்கரசிக்குத்தான் சங்கடம். அந்தக் கூட்டத்தில் மலையைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஷண்முகப்ரியாவும் பேசுகிறாள். இவன் மேடையில் நின்று கையை ஆட்டி விசிறிக் காட்டுவான். யாரோ ஒருத்தர் எழுந்து, தம்பி, நீங்கள் செய்ததுதான் தப்பு என்று மைக்கில் சொல்வார். வேண்டாம் செம்பியா, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றாள். அப்படியானால் நீ படுத்துக்கொள், நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றான். வேறு வழியில்லாமல் கூடவே கிளம்பினாள்.

மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் முண்டியடித்து, பனகல் பார்க் பக்கம் வந்தார்கள். மண்டபம் பார்க்குக்குப் பின்பக்கம். வாசலில் ஆட்கள் கூடியிருப்பது தெரிந்தது. அவள் தாகமாக இருக்கிறது என்று நின்றாள். அவன் தள்ளுவண்டியில் இரண்டு சாத்துக்குடி சொன்னான்.

"செம்பியா, உள்ள போயி அந்த ஜாக்கெட் கழட்டுனதச் சொல்லாத."

"ஏன் அண்ணி?"

எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும்போது அவள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. டாக்டர் தன்னிடம் சொன்னதை அந்த வரிசையிலேயே சொன்னாள். நடுக்கம் நின்றது எதனால், புழுங்கியது எதனால், அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"அடையாறு டாக்டரு."

"எப்ப?"

"ஆடில."

"ஆடிலேந்து தெரியும் ஒனக்கு." அவன் டம்ளரை வண்டிமேல் வைத்தான். "நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன். நீ கேட்டுகினு இருந்த."

அவள் தலையை ஆட்டினாள். அவன் பார்க்கின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான். கம்பி வெயிலில் கொதித்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"கழட்டி வுடு, காத்து படட்டும்னு ஒங்கிட்ட சொன்னதே நான்தான்" என்றாள் அன்புக்கரசி.

"நீ சொல்லல."

"சொன்னேன்டா."

"நீ ஸ்டவ்வாண்ட தண்ணி வெச்சிகினு இருந்த. முதுகு காட்டிகினு இருந்த. எனக்கு நல்லா நெனப்பு கீது. நானாத்தான் கழட்னேன்."

"திரும்பிச் சொன்னேன். ஒனக்குத்தான் மறந்துபோச்சு."

"எனக்கா மறக்கும்? நீ சும்மா எனக்காவ சொல்ற."

ஓட்டலில் பில்லுக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் மாதிரி இருவரும் அந்த வெயிலில் நின்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூஸ்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஐஸ் உடைக்கப் போனார். அன்புக்கரசி கோர்ட்டில் எத்தனையோ சாட்சியங்களைத் தட்டச்சு செய்திருக்கிறாள். இரண்டு பேரும் உண்மையே சொல்லி, இரண்டும் ஒத்துவராமல் போவதையும் பார்த்திருக்கிறாள். தான் சொன்னது அவளுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அவள் சொல்லவில்லை என்பது அவனுக்கு அதே தெளிவோடு ஞாபகம் இருந்தது. கேட்டு முடிவு செய்யலாம் என்றால், அந்தக் கூடாரத்தில் இருந்த மூன்றாவது ஆள் நாகராஜ்.

"வீட்டுக்குப் பூடலாம் வா" என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். புதுச்சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "வர்றேன்னு சொல்ட்டு வராம போனா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தான்.

உள்ளே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஆபீஸ் போகிற வயசுப் பிள்ளைகள். அபிராமபுரத்திலிருந்து வந்த ஒரு ரிட்டயர்ட் தம்பதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஜவஹர் நாகராஜைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு மைக்கை செம்பியனிடம் கொடுத்தார். அன்புக்கரசி கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள். தேவைப்பட்டால் எழுந்து போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

அவன் எப்போதும் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தான். பனியன் துவைத்ததைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். காற்று வந்தது, மழைக்கோட்டு போனது, கூடாரத்துக்கு வந்தார்கள். குல்லா, மஃப்ளர், வெந்நீர்.

"அப்பறம் நடுக்கம் நின்னுபோச்சி. புழுக்கமா கீதுடான்னாரு."

முதல் வரிசை அம்மாள் உச்சுக் கொட்டினாள். ஷண்முகப்ரியா மேடையில் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பியன் அந்த இடத்தில் நின்றுவிட்டான். அவன் வலது கை பாதி எழும்பி, இறங்கியது.

"எங்களுக்கு அது நல்லதுன்னு தோணிச்சி. ஜுரம் விட்ட மாதிரி. நான் ஜாக்கெட்ட கழட்டிட்டேன். கழட்டக் கூடாதாம். எனக்கு இப்பத்தான் தெரியும்." கொஞ்சம் தேடினான். "உங்கள்ல யாருனா மேல போயி புழுக்கமா இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. ஈரப் பனியன மட்டும் கழட்டுங்க. மத்தத மூடுங்க. அவ்ளோதான்."

மைக்கை ஜவஹரிடம் கொடுத்தான். ஆனால் இறங்கவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஷண்முகப்ரியா பக்கம் திரும்பினான். மைக் இல்லாமலே கேட்டான். கடைசி வரிசைவரை கேட்டது.

"டாக்டர், ஒண்ணு சொல்லுங்க. அந்த நேரத்துல அவருக்கு மெய்யாலுமே புழுங்கிச்சா? இல்ல குளுருலயே இருந்து, வாய்தான் அப்டி சொல்லிச்சா?"

அன்புக்கரசி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். ஆடி மாதத்தில் இதைக் கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஷண்முகப்ரியா எழுந்தாள். "மெய்யாலுமே சூடாத்தான் இருந்திருக்கும். உள்ள இருக்கிற ரத்தம் திடீர்னு தோலுக்கு வரும். அவங்களுக்கு அது உண்மையான சூடுதான். அதனாலதான் துணியப் பிடுங்குறாங்க."

"அப்ப குளுரல."

"அந்த நேரத்துல குளிரல."

"தட்டால விசிறுனது?"

டாக்டராகச் சொல்ல வேண்டியதும் மனுஷியாகச் சொல்ல வேண்டியதும் அவள் முகத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது. "உடம்புக்கு அது நல்லதில்ல" என்றாள். "ஆனா அவருக்கு இதமா இருந்திருக்கும்."

செம்பியன் தலையை ஆட்டினான். இரண்டு மூன்று தடவை ஆட்டினான். படியிறங்கி வந்து கடைசி வரிசையில், அன்புக்கரசிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். மேடையில் ஷண்முகப்ரியா பேச ஆரம்பித்தாள். எந்தத் துணி வாங்க வேண்டும், எது உடனே காயும் என்று சொன்னாள். அபிராமபுரத்துக்காரர் கையை உயர்த்தி, கம்பளி பனியன் தி.நகரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு கடை பெயர் சொன்னார்கள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் அவன் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத்தான் பேச வேண்டும் போலிருந்தது. ஆடியிலிருந்து மறைத்ததற்கு அவன் கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இனிமே யாருனா கேட்டா எப்டி சொல்லுவ?" என்று கேட்டாள்.

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். "புழுங்கிச்சின்னு சொன்னாரு, விசிறினேன்னு சொல்லுவேன். அது நெசந்தானே. கழட்னத கேட்டா அதயும் சொல்லுவேன்." சற்றுப் பொறுத்து, "நீ சொல்லித்தான் கழட்னேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீ சொல்லல" என்றான்.

அவள் மறுத்துப் பேசவில்லை.

தாம்பரம் வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானதால் பெட்டி பாதி காலி. அன்புக்கரசி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது, எதிரேயும் இருந்தது. செம்பியன் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்குகிற வழியை விட்டு, நின்றான். அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, அண்ணி என்கிற மரியாதைக்கு அவள் பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்ததில்லை.